இறுதி வாக்கின் மறுபாதி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நிலையாமை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இருமுறை படித்தேன். நல்ல நடை. ஆனால் பாசத்தை அறுத்தெறிவதே புத்தர் காட்டிய விடுதலை என்று அதை முடித்திருப்பது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

குசிநகரில் புத்தர் மறையும் தறுவாயில் ஆனந்தர் என்ன செய்தார்? 25 ஆண்டுகள் உடனிருந்து தொண்டு செய்தவர், விகாரைக்குள் போய்க் கதவோரம் சாய்ந்து நின்று அழுதார். தான் இன்னும் கற்றுத் தேறாத நிலையில், தன்மேல் இரக்கம் கொண்ட ஆசான் போகிறாரே என்று புலம்பினார். புத்தர் ஆளனுப்பி அவரை அழைத்தார். அன்புக்குரிய எதையும் ஒருநாள் பிரியத்தான் வேண்டும் என்று முன்பே சொல்லவில்லையா என நினைவூட்டினார். அதோடு விடவில்லை. உடலாலும் சொல்லாலும் உள்ளத்தாலும் நெடுங்காலம் அன்போடு பணிவிடை செய்தாய் என்று பாராட்டினார். முயன்றால் விரைவில் நீயும் விடுபடுவாய் என்று தேற்றினார். அன்பே தளை என்றால் இந்தப் பாராட்டுக்கு இடமேது?

துன்பம் பிறக்கும் காரணச் சங்கிலியின் கண்ணிகளான பன்னிரு நிதானங்களைத் தமிழில் அடுக்கும் மணிமேகலை, நுகர்வுக்குப் பின் வேட்கை, வேட்கைக்குப் பின் பற்று என்று வரிசைப்படுத்துகிறது. நுகர்வு எல்லோருக்கும் வரும். 'இது போகவே கூடாது' என்று அதிலிருந்து தாகம் கிளம்புகிறதே, அங்கேதான் விழித்திருக்க வேண்டும். பற்றைக் குறிக்கும் பாலிச் சொல்லான உபாதானத்துக்கு எரிபொருள் என்றும் பொருள் உண்டு. விடுதலையைக் குறிக்கும் நிப்பானம் என்ற பாலிச் சொல்லுக்கு அணைதல் என்று பொருள். விறகு போடாவிட்டால் நெருப்பு தானே தணிந்துவிடும்.

என் தாயாரின் மூக்குக்கண்ணாடி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உடைந்த காதுக்கம்பியில் அவரே கறுப்பு நூல் சுற்றி வைத்திருந்தார். அவர் மறைந்த முதல் ஆண்டில் அதைத் தொட்டாலே, இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா என்று நெஞ்சு கொதிக்கும். இப்போது எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறேன். நூல் நைந்து இழை பிரிந்துகொண்டிருக்கிறது. மாற்றிக் கட்டத் தோன்றவில்லை. கண் கலங்கத்தான் செய்கிறது; அந்தக் கொதிப்பு இல்லை. அவர்மேல் உள்ள அன்பு இம்மியளவும் குறையவில்லை.

'கூட்டுப்பொருள்கள் யாவும் அழியும் இயல்பின' என்னும் புத்தரின் இறுதி வாக்கைக் கட்டுரையாளர் எடுத்துக்காட்டியிருக்கிறார். அதே மூச்சில் புத்தர் சொன்ன 'சோர்வின்றி முயன்று நிறைவேற்றுங்கள்' என்பதை விட்டுவிட்டார். அடுத்த இதழில் அதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்