படம் தெளிவாக இருந்தால் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளை ரத்தநாள நோய்களைக் கண்டறியும் புதிய எம்.ஆர்.ஐ. முறைகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பல ஆண்டுகளாக ஸ்கேன் பிரிவில் பணியாற்றி வரும் எனக்கு அது மகிழ்ச்சியளித்தது. ஆயினும், இம்முறைகள் நோயாளிகளிடம் வருமுன் எவ்வாறு சோதிக்கப்பட வேண்டும் என்பதை அக்கட்டுரை தொடவே இல்லை.

புதிய முறைகள் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. மூளையின் ஆழத்துக்குச் செல்லும் நுண்நாளங்களின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் வழக்கமான ஸ்கேனில் அவை தெரிவதில்லை. அவை பழுதான பின் திசுவில் எஞ்சும் வெண்பொருள் (மூளையின் உட்புற நரம்பிழைப் பகுதி) திட்டுகள், சிறு குழிகள், நுண்கசிவுப் புள்ளிகள் ஆகியவற்றையே காண்கிறோம். இத்தடங்களுக்குக்கூட ஆளுக்கொரு பெயர் வழங்கிய நிலையில், 2013-இல்தான் பன்னாட்டு வல்லுநர்கள் பொதுவான வரையறைகளை வகுத்தார்கள். 2023-இல் அவற்றைத் திருத்தினார்கள்.

ஊசி மருந்தின்றி மூளையின் ரத்த ஓட்டத்தை அளக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். கழுத்துப் பகுதியில் ரத்தத்திலுள்ள நீருக்கு ரேடியோ அலையால் அடையாளமிட்டு, ஏறத்தாழ 2 விநாடி காத்திருந்து, அது மூளையை அடைந்ததும் படமெடுக்கிறோம். நாளம் சுருங்கிய முதியவருக்கு ரத்தம் தாமதமாக வந்து சேர்வதால், ஓட்டம் போதுமானதாக இருந்தும் படத்தில் குறைந்ததாகத் தோன்றலாம். அப்படியொரு படத்தைப் பார்த்து அஞ்சி நின்ற ஒரு குடும்பத்தாரை நான் கண்டிருக்கிறேன். காத்திருப்பு நேரத்தை நீட்டி மீண்டும் எடுத்தபோது அந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஸ்கேனுக்குச் சற்று முன் அருந்திய காபிகூட மூளையின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். இவ்வளவுக்கும் ஈடுகொடுக்கும் அளவீடா என்பதைச் சோதித்துத்தானே அறிய முடியும்?

நாளச்சுவரைக் காட்டும் படங்களிலும் இதே கவனம் வேண்டும். சுவரையொட்டி மெதுவாக நகரும் ரத்தம், சுவரே தடித்துவிட்டதுபோல் காட்டி ஏமாற்றக்கூடும்.

உயிருடன் இருப்பவரின் மூளை நாளத்தை வெட்டியெடுத்துச் சரிபார்ப்பது பெரும்பாலும் இயலாததால், இத்துறையில் விடை சரியா என்று அறிவதே கடினம். அதனால்தான் ஒரே நபரை இரு நாட்களில் படமெடுப்பதும், பல மையங்களின் கருவிகளை ஒப்பிடுவதும், நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பதும் தவிர்க்கக்கூடாதவை ஆகின்றன. எவ்வித நோயுமின்றி, இச்சோதனைகளுக்காக அந்தக் குறுகிய குழலுக்குள் மீண்டும் மீண்டும் அசையாமல் படுத்திருக்கும் தன்னார்வலர்களுக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

இனி ஒரு புதிய முறையைப் பற்றி எழுதும்போது, மறுமுறை எடுத்ததில் அளவு எவ்வளவு மாறியது, வேறொரு நிறுவனத்தின் கருவியிலும் அதே விடை கிடைத்ததா, நோயாளியின் விவரம் அறியாத இரு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து ஒரே முடிவுக்கு வந்தார்களா, அம்முடிவால் சிகிச்சை மாறியதா என்பவற்றையும் கேட்டு எழுதுமாறு தங்கள் கட்டுரையாளர்களை அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
எம்.ஆர்.ஐ. தொழில்நுட்பர் ஒருவர்