வாடையை எடுக்கவில்லை, சென்ட் அடித்து மூடியிருக்கிறீர்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்
அனுப்புநர்: கிருஷ்ணகிரி கிளையின் வாடிக்கையாளர்
பொருள்: லெதர் ஜாக்கெட்டில் புகை வாடை நீக்காதது, தோல் கெட்டுப்போனது, பணத்தைத் திருப்பிக் கேட்பது குறித்து

வணக்கம்.

உங்கள் கிருஷ்ணகிரி கிளையில் என் அப்பாவின் லெதர் ஜாக்கெட்டைக் கொடுத்திருந்தேன். கூடவே அவருடைய சட்டைகள் சில, அம்மாவின் கம்பளிச் சால்வை ஒன்று. ஜாக்கெட்டுக்கு மட்டும் 1,850 ரூபாய் வாங்கினீர்கள். 'லெதர் ட்ரை கிளீனிங், ஓசோன் ட்ரீட்மென்ட், புகை வாடை முழுமையாக நீக்கம்' என்று பில்லில் நீங்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். ஓசோன் ட்ரீட்மென்ட் என்றால் ஓசோன் வாயுவைச் செலுத்தி வாடையைப் போக்குவது. திரும்பி வந்த ஜாக்கெட்டில் பீடி வாடை அப்படியே இருக்கிறது, அதற்கு மேல் யாரோ தாராளமாக சென்ட் அடித்திருக்கிறார்கள், தோலும் விறைத்துப் போயிருக்கிறது.

இந்த வாடை எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா லாரி டிரைவராக இருந்தவர். இராயக்கோட்டை தக்காளி, சீசனில் மாங்காய், இப்படி ராத்திரி லோடு எடுத்துக்கொண்டு பெங்களூர் போவார். மார்கழியில் சூளகிரி தாண்டினாலே குளிர் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, தூக்கம் வராமல் இருக்க பீடி மேல் பீடியாகப் பிடித்துக்கொண்டு ஓட்டியவர். அந்தப் புகை முழுக்க இந்த ஜாக்கெட்டில்தான் இறங்கியது. இப்போது வேலையையும் விட்டுவிட்டார், டாக்டர் கண்டித்துச் சொன்ன பிறகு பீடியையும் விட்டுவிட்டார். புகையிலையை விட உதவுவதற்காகப் புகையிலைப் பாக்கெட்டுகளில் அச்சடித்திருக்கும் 1800-11-2356 எண்ணுக்கு நான்தான் போன் போட்டுக் கையில் கொடுத்தேன். அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பீடியை விட்டவருக்கு அந்த வாடை மூக்கில் பட்டால் போதும், கை தானாகச் சட்டைப் பையைத் தடவும். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் இதுதான் நடந்தது. ஜாக்கெட்டைத் தூக்கிப் போடவும் அவருக்கு மனசு வரவில்லை, பெங்களூர் சிவாஜிநகரில் சொந்தச் சம்பாத்தியத்தில் பார்த்துப் பார்த்து வாங்கியது. அதனால்தான் காசு போனாலும் பரவாயில்லை, விவரம் தெரிந்தவர்களிடம் கொடுத்து முழுசாக எடுத்துவிடலாம் என்று உங்களிடம் வந்தேன்.

கொடுக்கும்போதே உங்கள் கவுன்டரில் இருந்தவரிடம் எல்லாம் சொன்னேன். வாடை தோலை விட உள் லைனிங்கில்தான் அதிகம், உள் பாக்கெட்டின் தையல் பிரிந்து அதற்குள் பீடித்தூள் இறங்கியிருக்கிறது, அதைத் திறந்து சுத்தம் செய்யுங்கள் என்று விரல் வைத்துக் காட்டினேன். "எல்லாம் பார்த்துக்குறோம் மேடம், எங்ககிட்ட மெஷின் இருக்கு" என்றார்.

ஜாக்கெட் வந்த அன்று பிளாஸ்டிக் கவரைப் பிரித்ததும் கண் எரிகிற அளவுக்கு சென்ட். சரி, புதிதாகச் செய்தது, காற்றாடினால் போய்விடும் என்று நிழலில் ஹேங்கரில் தொங்கவிட்டேன். சென்ட் போகப் போக அடியில் இருந்தது மேலே வந்தது. ஒரு நாள் காலையில் அப்பா அதைப் போட்டுக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினார், உடம்புச் சூடு ஏறினதும் தெரு முனையில் இருந்தே திரும்பி வந்து கழற்றிக் கொடுத்துவிட்டார். "பாப்பா, இது அதே வாடைதான், எடுத்து வெச்சிடு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க அவர் படபடப்பாகவே இருந்தார்.

அப்புறம்தான் ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டு ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். நான் விரல் வைத்துக் காட்டிய அதே உள் பாக்கெட், பிரிந்த தையல் அப்படியே. விரலை விட்டு மடிப்பின் மூலை வரை போனால் பழுப்பு நிறத்தில் பீடித்தூள், உடைந்த இலைத் துணுக்கு, ஒரு பழைய டோல் ரசீதின் கிழிசல். காகிதத்தில் தட்டினால் ஒரு சிட்டிகை விழுந்தது. போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். காலரின் உள்மடிப்பில் பிசுபிசுப்பு அப்படியே இருக்கிறது, வெள்ளைத் துணியால் துடைத்தால் மஞ்சளாக வருகிறது. அந்தப் பாக்கெட்டை யாராவது ஒரு முறை திறந்து பார்த்திருந்தால்கூட இந்தத் தூள் அங்கே இருந்திருக்காது.

உங்கள் கிளை மேலாளருக்குப் போன் செய்தேன். "அது லெதரோட இயற்கையான வாசனை மேடம், போகப் போகச் சரியாகிடும்" என்றார். லாரிக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பீடி வாடை எது, தோல் வாசனை எது என்று தெரியும். அந்தப் பதில்தான் எனக்கு ஜாக்கெட் கெட்டதை விட அதிகக் கோபத்தைக் கொடுத்தது.

புகை வாடை என்பது காற்றில் மிதந்துவிட்டுப் போகிற சமாச்சாரம் இல்லை. புகையிலையின் தாரும் நிகோட்டினும் நூலிலும் தோலின் நுண்துளைகளிலும் படலமாக ஒட்டிக்கொள்ளும். சூடோ ஈரப்பதமோ பட்டால் அதிலிருந்து மறுபடி வாடை கிளம்பும், அதனால்தான் மழைக்காலத்தில் அதிகமாகத் தெரியும். மேலே வாசனை தெளித்தால் மூக்கு கொஞ்ச நாள் ஏமாறும், படலம் இருந்த இடத்திலேயே இருக்கும். வாடை பிரச்சினை மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். பரப்புகளில் ஒட்டிய நிகோட்டின் காற்றில் உள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன்களாக மாறுகிறது என்று அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2010லேயே காட்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் தவழ்கிற குழந்தை இருக்கிறது, தாத்தா மடியில் ஏறினால் அந்தக் காலரைத்தான் வாயில் வைக்கும். இதையும் கவுன்டரில் சொல்லியிருந்தேன்.

சட்டைகளைப் பொறுத்தவரை எனக்குக் குறை இல்லை. சுத்தமாக வந்தன, வாடை துளியும் இல்லை. பருத்தித் துணிக்கு அது பெரிய காரியமும் இல்லை. நிகோட்டின் காரத் தன்மை உள்ளது, அலசுகிற தண்ணீரில் கொஞ்சம் வெள்ளை வினிகர் கலந்தால் உப்பாக மாறித் தண்ணீரில் எளிதாகக் கரைந்துவிடும், பிறகு சோப்பில் துவைத்து வெயிலில் உலர்த்தினால் பெரும்பாலும் போய்விடும். சால்வையில் பூச்சி உருண்டை வாடை கொஞ்சம் மிச்சம் இருந்தது, அது தானாக ஆவியாகிப் போகிற பொருள்தான், மொட்டை மாடி நிழலில் காற்றாடவிட்டு நானே சரிசெய்துவிட்டேன். அதற்காகச் சண்டை பிடிக்கவில்லை.

தோலை அப்படித் தண்ணீரில் முக்கி எடுக்க முடியாது, வெயிலிலும் போட முடியாது. அதனால்தான் தெரிந்தவர்களிடம் கொடுக்கிறோம், அதற்குத்தான் நீங்களும் சட்டையைப் போல பல மடங்கு வாங்குகிறீர்கள். நீங்கள் செய்ததால் வாடை போகாதது ஒரு பக்கம், நன்றாக இருந்த தோல் வீணானது இன்னொரு பக்கம். போகும்போது கையில் சுருட்டினால் சுருளும் அளவுக்கு மெத்தென்று இருந்த ஆட்டுத்தோல். வந்தபோது அப்பளம் மாதிரி விறைப்பு. வாணியம்பாடியில் டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்க்கும் என் சித்தப்பா வந்திருந்தபோது காட்டினேன். முழங்கை இருக்கும் இடத்தை மடித்துப் பிடித்தார், மடிப்பில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தது. "எண்ணெய் போயிடுச்சும்மா. பதப்படுத்தும்போதே தோலுக்குள்ள எண்ணெய் ஏத்துவோம், அதுதான் அதுக்கு உசிரு. ட்ரை கிளீனிங் கரைப்பான் அழுக்கோட அந்த எண்ணெயையும் எடுத்துடும். எடுத்தா திரும்ப ஏத்தணும், இவங்க ஏத்தலை, சூடும் அதிகமா காட்டியிருக்காங்க" என்றார். இடது கை வலது கையை விட நீளம் குறைந்திருப்பதையும் அவர்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடுப்புப் பட்டையின் எலாஸ்டிக்கும் உயிரில்லாமல் தொங்குகிறது. ஓசோன் அளவுக்கு மீறினால் ரப்பரை வெடிக்க வைக்கும் என்பது தொழில் செய்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எலாஸ்டிக் ஓசோனால் போனதா சூட்டால் போனதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், எத்தனை மணி நேரம் வைத்தீர்கள் என்ற பதிவு உங்களிடம்தானே இருக்கும்.

ஒன்றைக் கேட்கிறேன். இந்த வேலை அவ்வளவு கஷ்டமா? சித்தப்பா சொன்ன முறையில் பெரிய மெஷினே தேவையில்லை. முதலில் பாக்கெட், மடிப்பு எல்லாம் திறந்து தூளை உறிஞ்சி எடுப்பது. லைனிங்கை உள்பக்கம் திருப்பித் தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் தோலில் ஈரம் இறங்காமல் துடைத்து உலர்த்துவது. மூடிய பெட்டிக்குள், வாடையை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கரியோடு பல நாள் வைப்பது, இடையிடையே நிழலில் காற்றாட விடுவது. தோலுக்கு மேல் பேக்கிங் சோடா தூவக் கூடாது, தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது, காரம் அதற்கு ஆகாது. கடைசியில் தோலுக்கான கண்டிஷனர் தடவி எண்ணெயை ஈடுகட்டுவது. இவ்வளவுக்குப் பிறகும் லைனிங்கில் வாடை நின்றால் லைனிங்கையே பிரித்துப் புதிதாகத் தைத்துவிடலாம், நல்ல டெய்லர் செய்துவிடுவார். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். 'ஒரு வாரம் போதாது, ஒரு மாதம் ஆகும்' என்று நீங்கள் சொல்லியிருந்தால் சந்தோஷமாகக் காத்திருப்பேன். 'எங்களால் லைனிங் வேலை முடியாது' என்று சொல்லியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வாணியம்பாடிக்கே எடுத்துப் போயிருப்பேன். முடியும் என்று சொல்லிப் பணம் வாங்கி, செய்யாமல், செய்த மாதிரி காட்டியதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'துணிக்கு ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று இருப்பதைக் கிளை மேலாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். அப்படி அச்சடித்துக்கொண்டதாலேயே பொறுப்பு போய்விடாது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்று இதற்குப் பெயரே இருக்கிறது. உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. அங்கே போய் நிற்க எனக்கு ஆசை இல்லை. ஆனால் போக மாட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம்.

எனக்கு வேண்டியது இதுதான். ஜாக்கெட்டுக்கு வாங்கிய 1,850 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். புது லைனிங் தைக்கவும், எலாஸ்டிக் மாற்றவும், தோலுக்கு எண்ணெய் ஏற்றிச் சரிசெய்யவும் ஆகும் செலவை நீங்கள் ஏற்க வேண்டும். வேலையை உங்கள் கிளையில் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன், சித்தப்பா சொல்லும் ஆளிடம் கொடுத்து பில்லை அனுப்புகிறேன். எந்தக் கரைப்பான் போட்டீர்கள், எவ்வளவு சூடு காட்டினீர்கள், ஓசோன் உண்மையிலேயே வைத்தீர்களா என்பதை எழுத்தில் தர வேண்டும், சரிசெய்கிறவருக்கு அது தேவைப்படுகிறது. கடை முகப்பில் இருக்கும் 'எந்த வாடையானாலும் 100% நீக்கம்' போர்டையும் எடுத்துவிடுங்கள். என்னைப் போல அதை நம்பி வருகிறவர்களில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருப்பார்கள், புகையை விட முயற்சி செய்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு இது வெறும் வாசனைப் பிரச்சினை இல்லை.

பில், போட்டோக்கள், கைகளின் அளவைக் காட்டும் வீடியோ எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். பீடித்தூளைக் காகிதத்தில் மடித்துத் தேதி போட்டு வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டைப் பார்க்க ஆள் அனுப்புவதென்றால் முதல் நாளே போன் செய்துவிட்டு அனுப்புங்கள், அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்கிறேன், அவர் முன்னால் அதை மறுபடி எடுத்து விரிக்க நான் விரும்பவில்லை. கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி கிளை வாடிக்கையாளர்
(பெயர், பில் எண், போன் எண் இணைப்பில் உள்ளன)