குடற்புழு நீக்க மாத்திரை: பெற்றோர் கவனத்திற்கு

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

வரும் பிப்ரவரி 10 அன்று மதிய உணவுக்குப் பின் நம் பிள்ளைகளுக்குக் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கிறோம். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஆளுக்கு ஒன்று. 2 வயதிலிருந்து 19 வயது வரை இதே அளவுதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது அதிகமில்லையா என்று கேட்கிறீர்கள். இந்த மருந்து ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. பெரும்பகுதி குடலிலேயே நின்று, புழு சர்க்கரையை உறிஞ்சவிடாமல் தடுத்து அதைப் பட்டினி போட்டுக் கொல்கிறது.

"போட்டால் வாந்தி வரும், வேண்டாம்னு சொல்லிடு" என்று சிலர் பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறீர்கள். அந்தப் பிள்ளை மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி, குழாயடியில் துப்பிவிடுகிறது. வாந்தி வரலாம், உண்மைதான். லேசான வயிற்றுவலி, குமட்டல், பேதி, சோர்வும் வரலாம். வயிற்றில் புழு நிறைய உள்ள பிள்ளைகளுக்கே இவை அதிகம் வரும். அதாவது, யாருக்கு மாத்திரை மிகவும் தேவையோ அவர்களுக்கு. பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். ஒருவர் வாந்தி எடுத்தால் அதைப் பார்த்தே பக்கத்துப் பிள்ளைகளுக்கும் குமட்டும். அதனால் தொந்தரவு உள்ளவரைத் தனியறையில் படுக்கவைத்து உடனிருப்போம்.

வீட்டில் அப்படி நேர்ந்தால் உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். மலத்தில் புழு வந்தால் பதற வேண்டாம். வாந்தியில் போய்விட்டதென்று கடையில் இன்னொரு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், எங்களிடம் கேளுங்கள். உடம்பில் தடிப்பு, மூச்சுத்திணறல், நிற்காத வாந்தி என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.

அன்று காய்ச்சல் இருந்தாலோ, வேறு நோய்க்கு மருந்து சாப்பிட்டாலோ மாத்திரை தரமாட்டோம். குணமானபின் 17ஆம் தேதி பெறலாம். வலிப்பு வந்த பிள்ளையா? தயங்காமல் முன்பே சொல்லுங்கள். மூளையில் நாடாப்புழுக் கட்டி இருந்தால் இந்த மருந்து வலிப்பைத் தூண்டக்கூடும். மருத்துவர் பார்த்தபின்தான் கொடுக்க வேண்டும்.

மாத்திரையை நன்றாக மென்று, தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும். முழுதாக விழுங்கினால் சிறியவர்களுக்குத் தொண்டையில் சிக்கும். ஆசிரியர் முன்னிலையில்தான் சாப்பிட வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டோம்.

"எங்க பிள்ளைக்குப் பூச்சியே இல்லையே" என்போருக்கு: புழு கொஞ்சமாக இருந்தால் வெளியே தெரியாது. கொக்கிப்புழு ஓசையில்லாமல் ரத்தத்தைக் குடித்துச் சோகையாக்கும். அதன் குஞ்சு வெறுங்கால் தோலைத் துளைத்து உள்ளே வருகிறது. கழிப்பறைக்குச் செருப்பில்லாமல் அனுப்பாதீர்கள்.

கீழுள்ள தாளில் பிள்ளையின் நோய், சாப்பிடும் மருந்து விவரம் எழுதி, கையெழுத்திட்டு 7ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்