ஆற்றோர முகாம்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 7 சனி, 8 ஞாயிறு இரண்டு நாளும் நம் தமிழ்ப்பள்ளிக் குடும்பங்கள் குவாடலூப் ரிவர் ஸ்டேட் பார்க்கில் கூடாரம் போட்டுத் தங்குகின்றன. டெக்சஸின் சான் அன்டோனியோவுக்கு வடக்கே, 46ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பார்க் ரோடு 31இல் திரும்ப வேண்டும். ஒவ்வொரு குழந்தையோடும் பெற்றோரில் ஒருவராவது இரவு தங்கியாக வேண்டும்.

பலரும் கேட்டது ஒரே கேள்வி: "அந்த ஆறா?" ஆம், வெள்ளம் வந்த அதே குவாடலூப் ஆறுதான். 2025 ஜூலை 4 விடியற்காலையில் கெர் கவுண்டியில் முக்கால் மணி நேரத்தில் சுமார் 26 அடி உயர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பூங்கா அதற்குக் கீழே, அதே நீரோட்டத்தில் இருக்கிறது. இந்த மலைநாட்டில் சுண்ணாம்புப் பாறையின் மேல் மண் மிக மெல்லிசு. பெருமழை ஊறாது, வழிந்து ஓடைகளெல்லாம் ஒருசேர ஆற்றில் கொட்டும். நம் தலைக்கு மேல் வானம் தெளிந்திருந்தாலும், மேற்கே பெய்த மழை நடு இரவில் நம்மிடம் வந்து சேரலாம்.

அதனால் ஆற்றங்கரையில் ஒரு கூடாரம்கூடக் கிடையாது. கரையிலிருந்து விலகி மேட்டில் இருக்கும் சீடர் சேஜ் பகுதியில்தான் இடம் எடுத்திருக்கிறோம். கார்களை வெளியேறும் பக்கம் பார்த்து நிறுத்துங்கள், சாவி தலைமாட்டில் இருக்கட்டும். பூங்காவில் செல்பேசிச் சிக்னலை நம்பியிருக்க முடியாது. ஆகவே பேட்டரி வானிலை வானொலி இரண்டு வைத்து, பெரியவர்கள் இரண்டிரண்டு பேராக இரவு முழுக்க முறைபோட்டு விழித்திருப்பார்கள். நமக்கு மேலே உள்ள கம்ஃபர்ட் ஊரின் ஆற்று நீர்மட்டத்தை வெள்ளிக்கிழமை முதலே பார்த்துவருவோம். மேல்பகுதிக்கு வெள்ள எச்சரிக்கை வந்தால் முகாம் ரத்து. பகலில் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, ஓசை கூடினாலோ, எதையும் எடுக்காமல் குழந்தைகளோடு மேடேறுங்கள். சாலையில் தண்ணீர் ஓடினால் காரை இறக்காதீர்கள். ஓரடி ஓட்டமே சிறிய காரை இழுத்துவிடும்.

மதியம் 2 மணிக்கு இடம் கிடைக்கும், மாலை 5.45க்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். 4 மணிக்குள் கூடாரம் நிற்க வேண்டும். கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் இந்தப் பாறைநிலத்தில் வளைந்துபோகும், பிளாஸ்டிக் முளை முறியும். 10 அங்குல எஃகு ஆணி எட்டும் ஒரு சுத்தியலும் வேண்டும். அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தைவிட நாலு விரல் சின்னதாக இருக்கட்டும். வெளியே நீட்டினால் மழைநீரை அதுவே வாங்கி அடியில் தேக்கிவிடும். குளிருக்காகக் காற்றுவழியை முழுதும் அடைக்காதீர்கள், மூச்சின் ஈரம் துணியில் படிந்து விடிவதற்குள் சொட்டும்.

குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். காற்றடைத்த மெத்தை மட்டும் போதாது, அதன் மேல் ஒரு நுரைப்பாய் போடுங்கள். இரவில் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகக்கூடும். வியர்த்த பருத்திச் சட்டையோடு குழந்தைகள் படுக்கக் கூடாது, படுக்குமுன் உலர்ந்த உடையும் காலுறையும் மாற்றிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு: சனி இரவுக்கான சாதத்தை வீட்டிலேயே வடித்துக் கொண்டுவர வேண்டாம். அறைச்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த சாதம் வயிற்றைக் கெடுக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அங்கேயே வடிப்போம். இட்லி மாவு, தயிர், சட்னி எல்லாம் கூலரில், உறையவைத்த தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே. இரவில் கூலரைக் காருக்குள் பூட்டுங்கள், ரக்கூன் மூடியைத் திறக்கத் தெரிந்த பிராணி. கூடாரத்துக்குள் ஒரு முறுக்குகூட வேண்டாம். பூங்காவில் விறகு பொறுக்க அனுமதியில்லை, வாங்கித்தான் எரிக்க வேண்டும். தீத்தடை அறிவிப்பு இருந்தால் அதுவும் இல்லை.

ஆற்றில் கால் நனைப்பது பெரியவர் உடனிருக்கும்போது மட்டும். பாசி படிந்த பாறை வழுக்கும், சைப்ரஸ் வேர்கள் காலை இடறும். பின்பட்டையுள்ள செருப்பு போடுங்கள், ரப்பர் ஸ்லிப்பர் ஓட்டத்தோடு போய்விடும், அதைப் பிடிக்கத்தான் பிள்ளைகள் ஆழத்துக்குப் போகிறார்கள். நீச்சல் தெரிந்த பிள்ளையானாலும் 13 வயதுக்குட்பட்டோருக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

ஒவ்வாமை, ஆஸ்துமா, இரவில் எழுந்து நடக்கும் பழக்கம் எதுவானாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதி, அக்டோபர் 24 சனிக்கிழமை வகுப்பில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்