பணிப்பெண் இல்லை, தோழி

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிநாட்டுக் கல்யாணப் படம் ஒன்றைப் போட்டு, அதன் கீழே ‘மணமகளும் அவரது பணிப்பெண்களும்’ என்று அச்சடித்திருந்தீர்கள். ஒரே நிறத்து கவுனும் கையில் பூச்செண்டுமாக நிற்கும் அந்த நான்கு பேரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். நானும் ஒருநாள் அப்படி நின்றவள்தான்.

மணமகளுக்குத் துணையாக நிற்கும் இவர்களை ஆங்கிலத்தில் ‘பிரைட்ஸ்மெய்ட்’ என்பார்கள். அதில் உள்ள ‘மெய்ட்’ வீட்டுவேலை செய்பவர் இல்லை, கல்யாணமாகாத பெண். அந்த வயதுப் பெண்களே அதிகம் வேலைக்குப் போனதால், வேலை செய்பவருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் ஐம்பது வயதுக்காரரையும் ‘பையன்’ என்கிறோமே, அந்த மாதிரி. கிரிக்கெட்டில் ரன் விழாத ஓவரை மெய்டன் ஓவர் என்பதும் இதே குடும்பத்துச் சொல்தான். எங்கள் ஆச்சி ‘பிரைட்மெய்ட்’ என்றுதான் சொல்வார், நடுவில் ‘ஸ்’ வராது. கேலி செய்வோம். ஆங்கிலத்திலேயே பழைய வடிவம் ஆச்சி சொன்னதுதான், ‘ஸ்’ பிறகு வந்து சேர்ந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலையவே வேண்டாம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சர்ச் கல்யாணத்தில் ‘தோழி’ என்றால் எல்லாருக்கும் புரியும். தமிழ் பைபிளில் 45-ஆம் சங்கீதமும் மணப்பெண்ணின் பின்னால் வருகிறவர்களைத் ‘தோழிகளாகிய கன்னிகைகள்’ என்கிறது. தோழி சரி. கூடவே வரும் அந்தக் கன்னிகைதான் எனக்கு உறுத்தல்.

1994-இல் பாளையங்கோட்டையில் என் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம். அக்காவோடு ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்த சிநேகிதி ஒருவர் உண்டு. இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். ஆனால் அந்தச் சிநேகிதிக்கு மூன்று மாதம் முன்னால் கல்யாணம் முடிந்திருந்தது. “தாலி கட்டுன பிள்ளைய எப்படித் தோழியா நிறுத்துறது?” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்து ரவிக்கைக்கு அளவெடுத்தார்கள். அக்காவின் மனசில் இருப்பது பாதிகூடத் தெரியாத எனக்கு அந்த இடம் கிடைத்தது, எனக்குக் கல்யாணமாகவில்லை என்ற ஒரே காரணத்தால்.

வேலை சுலபம் என்று நினைத்துப் போனேன். மணப்பெண் தலையிலிருந்து தொங்கும் முக்காட்டுத் துணியான நெட் யார் காலிலும் மிதிபடாமல் பார்க்க வேண்டும். மோதிரம் போடும்போது பூச்செண்டை வாங்கிக்கொள்ள வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் கழுத்துப் பக்கம் நெட்டை ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். ஒதுக்கும்போது ஊக்கு தெறித்து நெட் ஒரு பக்கமாகச் சரிந்தது. என் கையில் வேறு ஊக்கு இல்லை. வியர்த்துக் கொட்டியது. இரண்டாவது பெஞ்சிலிருந்து அந்தச் சிநேகிதி எழுந்து வந்தார். தன் முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நெட்டில் குத்திவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். ஆல்பத்தில் ஒரு படத்தில் அவருடைய வளையல் கை மட்டும் விழுந்திருக்கிறது.

கல்யாணமான தோழிக்கு ஆங்கிலத்தில் ‘மேட்ரன் ஆஃப் ஹானர்’ என்று தனிப்பெயரே உண்டு. நம் பழைய கல்யாணத்தைக் காட்டும் அகநானூற்று 86-ஆம் பாட்டில் மணப்பெண்ணை நீராட்டுகிறவர்கள் பிள்ளை பெற்ற மகளிர் நால்வர். எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அப்போது இதைச் சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் அடி விழுந்திருக்கும்.

ஆராதனை முடிந்து பதிவேட்டில் கையெழுத்து. 1872-ஆம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும். எனக்கு 17 வயது, ஆகாது என்றார் ஐயர், அதாவது சர்ச் போதகர். அக்கா யாரையும் கேட்கவில்லை. பெஞ்சைப் பார்த்துக் கைகாட்டினாள். தோழியாக நிற்கக் கூடாதவர் வந்து சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த இதழில் ‘பணிப்பெண்களும்’ என்பதை மட்டும் ‘தோழிகளும்’ என்று திருத்திவிடுங்கள். கன்னிகை வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி