பரிசு வேண்டாம், பிள்ளைகளுக்குப் பொருளுள்ள வேலை கொடுங்கள்: கல்வி அமைச்சருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
அரசு தொடக்கப் பள்ளி ஒன்றில் தமிழ் பயிலும் மாணவர்களின் பெற்றோர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்.

பெறுநர்:
மாண்புமிகு கல்வி அமைச்சர் அவர்கள்,
மொரீஷியஸ்.

பொருள்: தொடக்கப் பள்ளிகளிலும், தேர்வில் தேறாதவர்களுக்கான தனிப் பிரிவிலும் வாரம் ஒரு மணி நேரம், மாணவர்கள் தாமே தேர்ந்தெடுத்துச் செய்யும் பணிக்கு ஒதுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான்காம் வகுப்பு வரை பள்ளிக்கு ஓடிய பிள்ளைகள், ஆறாம் வகுப்பு முடிவில் வரும் பிஎஸ்ஏசி தேர்வு நெருங்க நெருங்கச் சோர்ந்துபோவதை நாங்கள் வீட்டில் பார்க்கிறோம். எதைச் சொல்லிக் கொடுத்தாலும் "இது தேர்வுக்கு வருமா?" என்று கேட்கிறார்கள். தமிழ் வகுப்பில் இன்னும் மோசம். இந்தி, தமிழ், தெலுங்கு, மராத்தி, உருது, கிரியோல் என்று வகுப்பே தனித்தனி அறைகளாகப் பிரியும்போது, வீட்டில் கிரியோல் மட்டுமே பேசும் பிள்ளை, கோவிலைத் தவிர எங்கும் காதில் விழாத மொழியை எதற்காகப் படிக்கிறோம் என்று தெரியாமலே போய் உட்காருகிறது.

இதற்கு என்ன செய்யலாம் என்று ஆசிரியர்களோடு கூடிப் பேசினோம். முதலில் எல்லோரும் சொன்னது பரிசு: பதக்கம், சான்றிதழ், டேப்லெட். அந்த வழி வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையரிடம் ஓர் ஆய்வு செய்து 1973இல் வெளியிட்டார்கள். சான்றிதழ் தருவதாக முன்பே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பிற்பாடு தாமாக வரைந்த நேரம் மற்றப் பிள்ளைகளைவிட ஏறக்குறையப் பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அந்த ஆசை குறையவில்லை. இருக்கிற ஆசையையும் பரிசு கெடுத்துவிடலாம் என்பதை அரசு கருத்தில் கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்கு வேண்டியது, தாம் செய்வது யாருக்கோ பயன்படுகிறது என்ற நிறைவு. மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனம், இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் குடியேற்றப் பதிவேடுகளைக் காத்து வருகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை தன் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் எந்தக் கப்பலில், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று அங்கே தேடட்டும். கிடைத்ததைத் தமிழில் நான்கு வரி எழுதி, அந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய ‘ஆப்பிரவாசி காட்’ என்ற படித்துறைக்குப் போகும் நாளில் குடும்பத்தார் முன் வாசிக்கட்டும். அந்த நான்கு வரியைப் பிழையில்லாமல் எழுத அது தானாகவே முயலும். (ஒப்பந்தக் காலத்துக்கு முன்பே, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களாக வந்தவர்களின் வழித்தோன்றல்களும் எங்களில் உண்டு. அவர்கள் பெயர் அந்தப் பதிவேடுகளில் இராது. அந்தப் பிள்ளைகள் பாட்டியிடம் கேட்டு எழுதலாம்.)

பாட்டிமார்களைப் பள்ளிக்கே வரவழைக்க வேண்டும் என்பது எங்கள் மனதுக்கு மிக நெருக்கமான யோசனை. ஏழு கறி சமைக்கும் முறையையும் காவடிப் பாடல்களையும் அவர்கள் வாயால் கேட்டுப் பிள்ளைகள் எழுதி வைக்காவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அவை எங்கே கிடைக்கும்? ஐந்தாம் வகுப்பார் முதல் வகுப்பாருக்குக் கதை படித்துக் காட்டுவது செலவே இல்லாத வேலை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகூட, தன்னைவிடச் சின்னவர் எதிரில் உட்கார்ந்தால் வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு வரும். மொரீஷியஸ் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் படம் உள்ள நம் நூறு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. கணக்குப் பாடத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.

பிஎஸ்ஏசியில் தேறாமல், இடைநிலைப் பள்ளியில் தனிப் பிரிவுக்குப் போகிற பிள்ளைகளை நினைத்தால் எங்களுக்குப் பெரும் வேதனை. பன்னிரண்டு வயதிலேயே தன்னால் முடியாது என்று முடிவுகட்டிவிட்ட பிள்ளைக்கு, அதே பாடத்தை மெதுவாக நடத்துவது மட்டும் போதாது. "இது நான் செய்தது" என்று காட்ட அதன் கையில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். ஆகவே இந்த ஒரு மணி நேரத்தை முதலில் அந்தப் பிரிவுக்கே தர வேண்டுகிறோம்.

எங்கள் வேண்டுகோள் இதுதான்: நான்கு முதல் ஆறாம் வகுப்பு வரையிலும் அந்தத் தனிப் பிரிவிலும், வாரம் ஒரு மணி நேரத்தை மதிப்பெண் இல்லாத பணிக்கு ஒதுக்கவும், ஊர்ப் பெரியவர்களை அழைக்கத் தலைமை ஆசிரியர்களே முடிவெடுக்கவும் ஒரு சுற்றறிக்கை பிறப்பியுங்கள். நாடு முழுவதற்கும் உடனே இயலாதென்றால், எங்கள் பள்ளியில் ஓர் ஆண்டு நடத்திப் பார்க்க அனுமதி தாருங்கள். பெரியவர்களை அழைத்துவரும் பொறுப்பையும், மோக்காவுக்குப் போய்வரும் பேருந்துச் செலவையும் பெற்றோரே ஏற்கிறோம். வரும் கல்வியாண்டின் கால அட்டவணை முடிவாகும் முன் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தமிழ் மாணவர்களின் பெற்றோர்