அந்த ஏழு செடிகள்

அக்கா,

அந்த ஏழு செடிகளையும் நேற்று ராத்திரி பட்டியலில் திரும்பச் சேர்த்துவிட்டேன். கட்டுரை வந்த இதழுக்குத் திருத்தம் கேட்டு எழுதியும் ஆயிற்று. உங்களுக்கு நேராகவே மெயில் போட்டிருக்கலாம், மூன்று முறை எழுதி அழித்தேன். நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதினால் பின்வாங்க முடியாது, அதனால்தான் இங்கே.

அன்றைக்கு மூடுபனி. ஆல்ப்ஸ் சரிவில் ரோடோடென்ட்ரான் என்ற பூப்புதரின் அந்த இரண்டு இனங்களும் அவ்வளவு பக்கத்தில் நின்று நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சுண்ணாம்புப் பாறை இடுக்கில் ஹிர்சூட்டம், அதே பாறைமேல் மட்கு தடிப்பாகத் தேங்கி மண் அமிலமாகிப்போன திட்டில் ஃபெருஜினியம், பம்பிள் தேனீக்கள் வித்தியாசமே பார்க்காமல் இதிலிருந்து அதற்குப் போய்க்கொண்டிருந்தன. நீங்கள் உள்ளங்கையில் மூன்று இலைகளை வரிசையாக வைத்தீர்கள். ஒன்று ஃபெருஜினியம், திருப்பினால் அடியெல்லாம் துருநிறம். இன்னொன்று ஹிர்சூட்டம், அடிப்பக்கம் பச்சை, ஓரமெல்லாம் இமைமயிர் மாதிரி நீளநீளமாக மயிர். மூன்றாவதில் துருவும் பாதி, மயிரும் அங்கொன்றும் இங்கொன்றும். லென்ஸை என்னிடம் கொடுத்து, "இதை எந்தப் பக்கம் எழுதுவாய்?" என்றீர்கள். குளிரில் உங்கள் விரல்கள் விறைத்துப்போயிருந்தன, ஆனாலும் நான் பார்த்து முடிக்கும்வரை கையை அசைக்கவில்லை.

நான் 'சந்தேகம்' என்று எழுதினேன். அப்புறம் சந்தேகம் என்று எழுதியவை எல்லாம் கணக்கிலிருந்தே போயின.

காரணம் இருந்தது அக்கா. இரண்டு கூட்டமாகத் தெளிவாகப் பிரிந்து நிற்கும் வரைபடம் வேண்டும் என்றார்கள். யார் என்று இங்கே எழுதமாட்டேன், தெரிந்தவர்கள் படிப்பார்கள். உதவித்தொகை முடிய ஆறு வாரம்தான் இருந்தது, அந்த ஏழும் படத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டன. நாம் மலையேறியதே இரண்டும் கலக்கும் இடத்தைப் பார்க்கத்தான், கலந்ததை மட்டும் நீக்கிவிட்டு நான் என்னத்தை எழுதினேன்? மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நீங்கள் ஏன் சும்மா இருந்தீர்கள்? அந்தக் கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலிதானே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கும் தைரியம் வந்திருக்கும். அடுத்த மாதமே நோட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

நீங்கள் படிக்கச் சொல்லிக்கொண்டே இருந்த அந்தத் துருக்கிக் கட்டுரையை, மில்னே குழு 2003-இல் எழுதியதை, நீங்கள் போன பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். அங்கேயும் இரண்டு ரோடோடென்ட்ரான் இனங்கள்: மலையில் மேலே காகசிகம், கீழே பான்டிகம், நடுவில் ஏறக்குறைய எல்லாமே முதல் தலைமுறைக் கலப்பினம். மலடு இல்லை, விதை பிடிக்கிறது, ஆனாலும் அடுத்த தலைமுறை அங்கே வளர்ந்து நிற்பதில்லை. ஹிர்சூட்டமும் ஃபெருஜினியமும் கலந்து வந்த நம் இன்டர்மீடியம் அப்படியா? அது பெற்றோர் இனங்களோடு திரும்பத் திரும்பக் கலக்கிறது, ஒவ்வொரு செடியிலும் துருவும் மயிரும் ஒவ்வொரு அளவில் இருப்பது அதனால்தான். மூடுபனியில் நீங்கள் காட்டியது அதைத்தான், நான் எதில் எழுதுவது என்று கட்டம் தேடிக்கொண்டிருந்தேன். திபெத் பீடபூமியின் டென்சாட்டா பைனும் இரண்டு பைன் இனங்கள் கலந்து வந்ததுதானே, பெற்றோர் இரண்டும் வளராத உயரத்தில் அது காடு காடாக நிற்கிறது. அதை எந்தக் கட்டத்தில் போட்டிருப்பேனோ.

திருத்தத்தில் உங்கள் பெயரும் வர வேண்டும், அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்றால் அதையாவது எழுதுங்கள், பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. மூன்றாவது இலை உறைக்குள் அப்படியே இருக்கிறது. உறைமேல் உங்கள் கையெழுத்தில் 'ஓர மயிர் 14' என்று இருக்கிறது. இன்று காலையில் லென்ஸ் வைத்து இரண்டு முறை எண்ணினேன், 13தான் வருகிறது. எதைப் போடட்டும்?